சந்து வழியாக

"ஒரு சின்னம் வேணும்" என்று
ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து நுழைந்தார் வஜ்ரவேலு.
எந்தத் தொகுதி என்று கேட்டேன்.
அயனாவரத்தில் இருபது வருஷமாகக்
கண்ணீர் அஞ்சலியும் மஞ்சள் நீராட்டும்
பத்துக்கு எட்டில் அடித்துக் கொடுப்பவள்
வேறெதைக் கேட்பேன்.

ஓட்டத்துக்காம்.
ஞாயிறு விடிகாலை அஞ்சே காலுக்கு
பதினாலு பேர் சேர்ந்து ஓடுகிறார்களாம்.
கட்டணம் இல்லை, மெடல் இல்லை,
கடைசியில் வருகிறவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்.
அவ்வளவுதான் சட்டதிட்டம்.
"பேரு?"
"அதையும் நீங்களே வெச்சிடுங்க."

முதலில் ஓடும் மனிதன் ஒருவனை வரைந்தேன்,
முன்னால் சாய்ந்து, முதுகில் மூன்று கோடு பறக்க.
"பர்ஸ் அடிச்சுட்டு ஓடறவன் மாதிரி இருக்கானே."
கலங்கரை விளக்கம் வைத்தேன்.
"அது பீச்சுக்காரங்களுது.
நாங்க கடலைப் பாத்தே ஆறு மாசம் ஆச்சு."
ரயில் பெட்டி வைத்தேன்.
வஜ்ரவேலு கொஞ்ச நேரம் பேசவில்லை.
பெட்டி செய்யும் தொழிற்சாலையில்
முப்பத்தோரு வருஷம் ஃபிட்டர்.
"ஞாயித்துக்கிழமையாவது அது வேணாம்மா."

நிறத்துக்கு ஒரு கூட்டமே போட்டார்கள்
என் ஜெராக்ஸ் மெஷினைச் சுற்றி.
கறுப்பு சிவப்பா, அது அவங்க.
பச்சை சேர்த்தால் இவங்க.
காவி என்று ஒரு பையன் வாயெடுக்கும்போதே
மூன்று பேர் இருமினார்கள்.
மஞ்சளைக் கிரிக்கெட்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.
அப்ப வெள்ளைதான் என்று எல்லாரும் எழுந்தபோது
பெலிசிட்டா,
என்னைச் சேர்க்காமல் அங்கே ஒரே பெண்,
"வேர்த்தா தெரியும்" என்றாள்.
பதின்மூன்று ஆண்களும்
அவரவர் செல்போனைப் பார்த்தார்கள்.

செங்காமட்டி என்றேன்.
எந்தக் கட்சிக்கும் இன்னும் தோன்றாத நிறம்.
மண்ணு மாதிரி இருக்குமே என்றார் ஒருவர்.
மண்ணு பட்டாலும் தெரியாது என்றாள் பெலிசிட்டா.
முடிந்தது.

சின்னம் மட்டும் வரவில்லை.
கடை சாத்தும் நேரத்தில் நூருல்லா
தன் போனை நீட்டிக் குறைப்பட்டுக்கொண்டான்,
ஓடிய பாதையை அது கோடாக வரைந்திருந்தது.
"நேரா வர வேண்டியதுக்கா. பாருங்க, கோணிக்கிச்சு."
கொன்னூர் ஹைரோட்டில் ஒழுங்காக வந்த கோடு
மெட்ரோக்காரர்கள் அடைத்த தகரத்தில் முட்டி
சந்துக்குள் திரும்பி
மாவு மில்லின் பின்பக்கம்,
குழாயடியில் விடியுமுன்னே வரிசை போட்ட குடங்கள்,
தேவநேசன் ஒருமுறை விழுந்த சாக்கடை மூடி
எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு
மறுபடி ரோட்டைப் பிடித்திருந்தது.

மடங்கிய முழங்கால்.

ஒன்றும் சேர்க்கவில்லை.
கோட்டைத் தடிமனாக்கினேன், முனைகளை உருட்டினேன்.
கீழே பெயர்: அஞ்சே கால்.
எந்தக் கால் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே கலர் என்பதால் தங்கசாலை பாரஸ்மல்
சட்டைக்குப் பதினைந்து ரூபாய் குறைத்தார்.
போஸ்டருக்குக் காசில்லை.
பிழையாக அச்சாகி மிஞ்சிக் கிடந்த
அஞ்சலித் தாள்களின் பின்பக்கம் அடித்தேன்.
டீக்கடைக் கண்ணாடியில் ஒட்டியதில்
வெயில் பின்னாலிருந்து விழும்போது
கோட்டுக்கு அந்தப் பக்கம்
யாரோ ஒருவர் மங்கலாகச் சிரிப்பார்.

போன மாதம் எங்கள் பக்கம் தகரத்தை எடுத்துவிட்டார்கள்.
புதுத் தார், கறுப்பாக, நேராக,
ஒரு மாடுகூட இன்னும் படுக்காத ரோடு.
அந்த ஞாயிறு ஒரு சாவு ஆர்டருக்காக
சீக்கிரமே கடை திறந்தேன்.
வந்தார்கள்.
திறந்து கிடந்த ரோட்டின் முன்னால்
வஜ்ரவேலு ஒரு நொடி காலைத் தளர்த்தினார்.
மார்பில் ஒட்டியிருந்த கோட்டை
ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டு
சந்துக்குள் திரும்பினார்.
பின்னாலேயே எல்லாரும்.
குடத்தோடு நின்றவள் வழிவிட்டாள்,
எப்போதும் போல, திட்டிக்கொண்டே.

யாரோ புதியவர், சட்டை இன்னும் வாங்காதவர்,
நேரே ஓடிவிட்டார்.
சிக்னல் வரை போய்த் திரும்பிப் பார்த்து
பின்னால் ஒருவரும் இல்லாததில் திகைத்து
மூச்சிரைக்க வந்து
"எந்தப் பக்கம் போனாங்க?" என்றார்.
காட்டினேன்.

இன்றைக்கு டீ அவர் கணக்கு.